மிளகு குடோனில் ஓவியர்களுக்கு என்ன வேலை?

பெரும்பாறை,

கீழ்பழனி மலையில் பெரும்பாறை, தாண்டிக்குடி பக்கம் மிளகுக் கொடி ஏறாத காபித் தோட்டத்தைப் பார்ப்பது அபூர்வம். சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாய்த்து மிளகு பறிப்பவரும் சரி, மூட்டை போடும் வியாபாரியும் சரி, கேட்கிற முதல் கேள்வி, "கொச்சியில இன்னைக்கு என்ன விலை?" என்பதுதான்.

அந்தக் கொச்சியில், ஒரு காலத்தில் மிளகு மூட்டை அடுக்கிய பழைய குடோன் ஒன்று, வெளியூர் கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்யும் இடமாக மாறியது. ஃபோர்ட் கொச்சி கல்வத்தி ரோட்டில் உள்ள அதன் பெயரே 'பெப்பர் ஹவுஸ்'. ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் கடல்நீர், நடுவில் பெரிய முற்றம்.

ரெசிடென்சி என்றால்?

ஒரு ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாத ஓவியரையோ, சிற்பியையோ வரவழைத்து சில வாரம் தங்க வைப்பார்கள். தங்க அறை, வேலை செய்ய இடம், பெரும்பாலும் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம். அவர் ஊரைச் சுற்ற வேண்டும், நாலு பேரிடம் பேச வேண்டும். கண்ணில் பட்டதை, மனதில் தைத்ததை வைத்து ஏதாவது செய்து காட்ட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

சும்மா ஊர் சுற்றுவதற்கு சம்பளமா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் புதிதாக வருகிறவன் கண்ணுக்கு நமக்குப் பழகிப்போனதெல்லாம் வேறு மாதிரி தெரியும்.

போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற 2 ஓவியர்கள் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே கண்காட்சி 12-12-2012 அன்று ஆரம்பமானது. டெல்லியில் இருந்து விவான் சுந்தரம் வந்தார். எர்ணாகுளம் மாவட்டம் வடக்கு பரவூர் அருகே பட்டணம் என்ற கிராமத்தில் 2007 முதல் அகழாய்வு நடந்தது. சங்க கால முசிறித் துறைமுகம் இங்கேதான் இருந்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. யவனர் கப்பல் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிப் போன கதை அகநானூற்றிலேயே இருக்கிறது.

தோண்டிய குழிகளில் கிடைத்த பானை ஓடுகளில், ஆய்வுக்குத் தேவையில்லை என ஒதுக்கியவை குவிந்து கிடந்தன. விவான் சுந்தரம் அந்த ஓட்டுச் சில்லுகளைக் கேட்டு வாங்கி, தரையில் பரப்பி ஒரு நகரத்தையே கட்டினார். அதில் தண்ணீரைப் பாய்ச்சி, மிளகை மிதக்க விட்டுப் படம் பிடித்தார். வைத்த பெயர், கருப்புத் தங்கம். 2023-ல் அவர் காலமாகிவிட்டார்.

நாம் கிலோ கணக்கில் நிறுத்துப் போடுகிற மிளகு, அவர் கண்ணுக்கு மூழ்கிப்போன ஒரு ஊராகத் தெரிந்திருக்கிறது.

அதே ஆண்டு பீகார்காரரான சுபோத் குப்தா ஒரு கேரள மீன்பிடிப் படகைப் பிடித்தார். பாத்திரம், பண்டம், தட்டுமுட்டு சாமான் என ஒரு குடும்பத்தின் சொத்து முழுவதையும் அதில் அள்ளிப் போட்டு நிறுத்தினார். வீட்டைக் காலி பண்ணி பிழைப்பு தேடிப் போனவர்களுக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2016-ல் சிலி நாட்டுக் கவிஞர் ரவூல் சூரிட்டா ஒரு குடோன் முழுக்கத் தண்ணீரை நிரப்பினார். பார்க்க வந்தவர்கள் காலை நனைத்துக்கொண்டே நடந்தார்கள். கடலில் மூழ்கி இறந்த சிரியா நாட்டு அகதிச் சிறுவனுக்காகச் செய்தது அது.

ஆசாரிக்குக் கூலி?

வெளியூர்க்காரர் யோசனை சொல்லிவிடுவார். ஆணி அடிப்பது, சுவர் எழுப்புவது, வயர் இழுப்பது எல்லாம் உள்ளூர் ஆட்கள். 4-வது பினாலே முடியும் நேரத்தில், 2019 மார்ச் மாதம், செய்த வேலைக்குப் பணம் வரவில்லை என்று ஒப்பந்ததாரர் தரப்பில் புகார் கிளம்பியது. பில் தொகையை ஏற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று நடத்தியவர்கள் பதில் சொன்னார்கள். இரு தரப்பும் முட்டிக்கொண்டதில் நடுவில் நின்றது கூலி ஆள்தான்.

2022-லும் சிக்கல். டிசம்பர் 12-ந் தேதி திறக்க வேண்டிய கண்காட்சி கடைசி நேரத்தில் 23-ந் தேதிக்குத் தள்ளிப்போனது. பொருட்கள் வந்து சேரவில்லை, மழைத்தண்ணீர் தொல்லை, கரண்ட் சரியில்லை என்று கலைஞர்களே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்.

இதையெல்லாம் தாண்டி 6-வது பினாலே 2025 டிசம்பர் 12-ந் தேதி தொடங்கியது.

மிளகு போட கொச்சி வரை போகிற நம்மூர் வியாபாரிகள் ஒரு எட்டு பார்க்கலாம். எர்ணாகுளத்தில் படகு ஏறினால் ஃபோர்ட் கொச்சி படகுத்துறை. அங்கிருந்து கல்வத்தி ரோட்டுக்கு நடந்தே போய்விடலாம்.