பிழையைச் சரியாகச் சுட்டும் கணினி

பைத்தான் நிரல்மொழியில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு, மூட மறந்துவிட்டால் என்ன ஆகும்? பழைய பதிப்புகள் பெரும்பாலும் அடுத்த வரியைக் காட்டி, 'தொடரமைப்பு தவறு' என்று மட்டும் சொல்லும். அந்த வரியில் ஒரு குற்றமும் இருக்காது. புதிதாகக் கற்கும் மாணவர் அதையே திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்துச் சலித்து, 'நமக்கு இது வராது' என்று ஒதுங்கிவிடுவார்.

கணினி ஏன் இடம் மாறிச் சொன்னது? அடைப்புக்குறி மூடப்படும்வரை வரி முடிவைப் பைத்தான் பொருட்படுத்தாது. அடுத்த வரியையும் முந்தைய வரியின் தொடர்ச்சியாகவே படிக்கும். மேற்கொண்டு படிக்க முடியாமல் எங்கே நிற்கிறதோ, அதையே பிழை நேர்ந்த இடமாக அறிவித்துவிடும்.

2020 அக்டோபரில் வந்த 3.9 பதிப்பில், நிரலைப் பகுத்துப் படிக்கும் பார்சர் புதிதாக எழுதப்பட்டது. அதன்மேல் பாப்லோ கலிண்டோ சல்காடோ உள்ளிட்டோர் உழைத்ததன் பலன், 2021 அக்டோபரில் 3.10 பதிப்பாக வந்தது. இப்போது பைத்தான், அடைப்புக்குறி திறந்த இடத்தையே காட்டி, 'இது மூடப்படவே இல்லை' என்கிறது.

புதிய பார்சர் முதலில் வழக்கமான விதிகளை மட்டும் கொண்டு படிக்கிறது. அதில் தோற்றால்தான் இரண்டாம் முறை படிக்கும். அப்போது, மனிதர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளுக்கென்றே எழுதிய விதிகளும் சேர்ந்துகொள்ளும்: முக்காற்புள்ளி விட்டுப்போனதா, ஒப்பிட வேண்டிய இடத்தில் ஒற்றைச் சமக்குறி வந்துவிட்டதா என்று தேடும். சரியான நிரலுக்கு இதனால் வேகம் குறைவதில்லை.

மாறியின் பெயரை எழுத்துப் பிழையோடு தட்டினாலும், 'இதையா சொன்னீர்கள்?' என்று சரியான பெயரை எடுத்துக் கொடுக்கிறது. சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல் வகுத்த 'தொலைவு' என்ற அளவுகோல் இதற்கு உதவுகிறது. ஒரு சொல்லை இன்னொன்றாக்கக் குறைந்தது எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்பதே அந்தத் தொலைவு. தொலைவு மிகுந்தால் பைத்தான் யோசனை சொல்லாது. தவறான யோசனை, மௌனத்தைவிட அதிகம் அலைக்கழிக்கும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு அவசியம்.

இந்த அக்கறையை முன்பே காட்டியது எல்ம் மொழி. அதை உருவாக்கிய எவன் சப்லிட்ஸ்கி, 2015-இல், நிரலை மொழிமாற்றும் கம்பைலரின் பிழைச் செய்திகளை மனிதர் பேசும் நடையில் மாற்றினார். ரஸ்ட் மொழி 2016-இல் தன் செய்திகளின் வடிவத்தைப் புதுப்பித்தது. தவறான இடத்தோடு, அதற்குக் காரணமான வேறு வரிகளையும் அது சேர்த்துக் காட்டுகிறது. குழப்பும் பிழைச் செய்தியையும் ரஸ்ட் குழுவினர் கம்பைலரின் குறையாகவே பதிவுசெய்து திருத்துகிறார்கள்.

எல்லா மொழிகளும் பின்பற்ற வேண்டிய வழக்கம் இது. தமிழ்நாட்டில் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவரும் பைத்தான் படிக்கிறார். கேட்க அருகில் ஆளில்லாதபோது, திரையில் வரும் அந்தப் பிழைச் செய்திதான் அவருக்கு ஆசிரியர். அதை எழுதுவதும் கற்பிக்கும் வேலைதான்.