இளம் விரல்களும் எஃகுக் கம்பிகளும்



இங்கிலாந்தின் பி.பி.சி. தொலைக்காட்சியில், சிறுவர் சிறுமியர் தம் திறமைகளைக் காட்டுவதற்கென்றே ஒரு நிகழ்ச்சி நடந்துவந்தது. 1950களின் பிற்பகுதியில் ஒருநாள் அந்நிகழ்ச்சியில் ஜிம்மி பேஜ் என்னும் 13 வயதுச் சிறுவன் தன் நண்பர்களுடன் கிட்டார் வாசித்தான். எதிர்காலத்தில் என்ன செய்ய விருப்பம் என்று அவனைக் கேட்டபோது, உயிரியல் ஆராய்ச்சி செய்ய விரும்புவதாகச் சொன்னான். ஆனால் அவனை ஆராய்ச்சிக்கூடத்தில் யாரும் காணவில்லை. 1968இல் ‘லெட் செப்பலின்’ என்ற ராக் இசைக்குழுவைத் தோற்றுவித்து, உலகப் புகழ்பெற்ற கிட்டார் கலைஞராக விளங்கினார் அவர்.

ராக் என்பது 1950களில் அமெரிக்காவில் தோன்றிய இசை வகை. மின்கிட்டாரும் டிரம்மும் அதன் உயிர்நாடி. இவ்விசையில் பள்ளிப் பருவத்திலேயே பெயர் பெற்றவர்கள் பலர். இத்தகையோரைக் கண்டால் ‘பிறவித் திறமை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம் வழக்கம். அந்த விடை போதுமா? இளம் கலைஞர்கள் சிலரின் வாழ்க்கையைக் கொஞ்சம் பௌதிகத்தோடு சேர்த்துப் பார்ப்போம்.

கம்பியின் கணக்கு

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் சுரமானியைப் பார்த்திருப்பீர்கள். கம்பியின் அதிர்வெண் மூன்றைப் பொறுத்தது என்று அது காட்டுகிறது. கம்பியின் நீளம் குறைந்தால் சுருதி ஏறும். இழுவிசை கூடினாலும் ஏறும். கம்பி தடித்து, ஒரு மீட்டர் நீளத்தின் நிறை கூடினால் சுருதி இறங்கும். கிட்டாரும் ஒரு சுரமானிதான். ஒரு கம்பிக்குப் பதில் ஆறு கம்பிகள் கொண்டது.

மின்கிட்டாரில் எஃகுக் கம்பிகள் கட்டியிருக்கும். மிக மெல்லிய கம்பியின் விட்டம் கால் மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதை உரிய சுருதிக்கு முறுக்கினால், 7 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பான இழுவிசை அதில் இருக்கும். ஆறு கம்பிகளையும் சேர்த்தால் 40 கிலோகிராமைத் தாண்டிவிடும். இப்படி விறைத்து நிற்கும் கம்பியைத்தான் விரல் நுனியால் அழுத்த வேண்டும். தொடக்கத்தில் வலிக்கும், நாளடைவில் தோல் காய்த்துப்போகும்.

அடுத்த தடை, கையின் அளவு. வீணையில் உள்ளதைப்போலக் கிட்டாரின் கழுத்திலும் மெட்டுகள் உண்டு. ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு நகர்ந்தால் சுருதி ஓர் அரைச்சுரம் ஏறும். பரவலாக வழக்கிலுள்ள ஒரு கிட்டாரில் அதிரும் கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர். அதில் முதல் மெட்டுக்கும் நான்காம் மெட்டுக்கும் இடைவெளி சுமார் 97 மில்லிமீட்டர். ஓர் அளவுகோலின் மேல் உங்கள் இடக்கையை வைத்து, ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே அவ்வளவு தூரத்தை விரித்துப் பாருங்கள். பிறகு உங்கள் தம்பியையோ தங்கையையோ செய்யச் சொல்லுங்கள். சிறு கைக்கு அது எவ்வளவு கடினம் என்பது புரியும்.

ஒன்பது வயதுக் கை

இத்தடையைச் சந்தித்த சிறுவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் டெரெக் டிரக்ஸ். 1979இல் பிறந்தவர். ஒன்பது வயதில், ஒரு வீட்டு முற்றத்தில் பழைய பொருள்களை விற்ற இடத்தில் 5 டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கினார். மெட்டுகளில் அழுத்தி வாசிக்க அவர் கை சிறிதாக இருந்தது. அவர் தேர்ந்தெடுத்த வழி ‘ஸ்லைடு’ முறை.

ஸ்லைடு என்பது கண்ணாடியாலோ உலோகத்தாலோ ஆன சிறு குழல். அதை ஒரு விரலில் மாட்டிக்கொண்டு கம்பியின் மேல் லேசாக வைத்தால் போதும், அழுத்த வேண்டியதில்லை. குழல் தொடும் இடம்வரை கம்பியின் நீளம் குறைந்துவிடும். ஆறு கம்பிகளையும் ஓர் இசைவுக்கு ஏற்பச் சுருதி சேர்த்துவிட்டால், ஒரே குழலால் எல்லாக் கம்பிகளையும் ஒருசேரத் தொட்டு முழு இசைவையும் எழுப்பலாம். விரல்களை அகல விரிக்க வேண்டிய சிக்கலும் நீங்கியது.

ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. மெட்டில் அழுத்தும்போது சுரத்தின் இடத்தை மெட்டே நிர்ணயித்துவிடுகிறது. ஸ்லைடில் அந்தக் காவல் இல்லை. 12ஆம் மெட்டை அடுத்து ஓர் அரைச்சுரத்தின் அகலம் சுமார் 18 மில்லிமீட்டர்தான். குழல் நாலைந்து மில்லிமீட்டர் விலகினாலே சுரம் பிசகியது தெரிந்துவிடும். ஆகவே கையின் வேலை குறைந்தது. காதின் வேலை கூடியது. டெரெக் 11 வயதில் சம்பளம் பெற்று மேடையேறினார். 1999இல் ‘ஆல்மன் பிரதர்ஸ்’ என்னும் புகழ்பெற்ற ராக் குழுவில் சேர்ந்தார். சிறு கைக்காகப் பற்றிய முறையை அவர் வளர்ந்த பிறகும் விடவில்லை. இன்று ஸ்லைடு கலைஞர்கள் என்றாலே முதலில் நினைவுக்கு வருபவர்களுள் அவர் ஒருவர்.

இழந்த விரல் நுனிகள்

இரண்டாவது இளைஞரின் கதை சற்று வேதனையானது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த டோனி அயோமி, 17 வயதில் உலோகத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வேலையை விட்டு நீங்கும் கடைசி நாளன்று இயந்திரத்தில் கை அகப்பட்டு, வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் துண்டாயின. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். எனவே கம்பியை அழுத்தும் கை அவருக்கு வலக்கைதான். இனிக் கிட்டாரைத் தொட முடியாது என்று மனம் சோர்ந்துபோனார்.

அப்போது தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் அவருக்கு ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். அதில் கிட்டார் வாசித்தவர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்ற ஜாஸ் கலைஞர். 18 வயதில் தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கிப்போக, எஞ்சிய இரு விரல்களால் பயின்று பெரும்புகழ் பெற்றவர் அவர்.

அயோமி எழுந்தார். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரலுக்கேற்ற உறைகளைத் தாமே செய்துகொண்டார். கம்பியில் வழுக்காதிருக்க அவற்றின் மேல் தோல் துண்டை ஒட்டினார். ஆனால் உறை போட்ட விரலுக்குத் தொடு உணர்வு இல்லை; எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. விறைப்பான கம்பிகளை வளைப்பது பெரும்பாடாயிற்று.

கம்பியை மெல்லியதாக்குவது ஒரு வழி. கிட்டாருக்கு அத்தகைய மெல்லிய கம்பிகள் அப்போது எளிதில் கிடைக்காததால் பாஞ்சோ என்னும் இசைக்கருவியின் கம்பிகளைப் பயன்படுத்தினார். கம்பியின் விட்டம் 10 பங்கிலிருந்து 8 பங்காகக் குறைந்தால், அதன் நிறை 100 பங்கிலிருந்து 64 பங்காகிவிடும். அதே சுருதிக்குத் தேவையான இழுவிசையும் அதே அளவு குறையும்.

மற்றொரு வழி, சுருதியையே தாழ்த்துவது. 1971இல் வெளிவந்த ஓர் இசைத்தட்டில் சில பாடல்களுக்கு அவர் மூன்று அரைச்சுரம் தாழ்த்திக் கம்பிகளைத் தளர்த்தினார். இதைக் கணக்கிட்டுப் பார்ப்போமா? ஓர் அரைச்சுரம் இறங்க அதிர்வெண்ணை 1.0595ஆல் வகுக்க வேண்டும். மூன்று முறை வகுத்தால் 0.841 பங்கு ஆகும். இழுவிசையோ அதிர்வெண்ணின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளது. 0.841இன் வர்க்கம் 0.707. அதாவது 10 கிலோகிராம் இழுவிசை 7 கிலோகிராமாகிவிட்டது! விரலுக்குச் சுமை குறைந்ததோடு, கிட்டாரின் ஒலியும் கனத்து ஆழமாயிற்று. அவருடைய ‘பிளாக் சபாத்’ குழுவின் அந்த ஒலியே ‘ஹெவி மெட்டல்’ என்னும் இசை வகைக்கு அடித்தளமானது.

அடுப்பங்கரை மரமும் கத்தி முனையும்

மூன்றாமவருக்குத் தடையாக நின்றது பணம். லண்டனில் வளர்ந்த பிரையன் மே, 1963இல் 16 வயது மாணவர். கடையில் விற்ற மின்கிட்டாரின் விலை அவர் குடும்பத்திற்குக் கட்டுப்படியாகவில்லை. அவர் தந்தை மின்னணுப் பொறியாளர். இருவரும் சேர்ந்து தாங்களே ஒரு கிட்டார் செய்வதென முடிவு கட்டினர். வேலை முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

கழுத்துக்கு, குளிர்காயும் அடுப்பைச் சுற்றியிருந்த பழைய மகோகனி மரச்சட்டம் உதவியது. அதில் பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். இடக் குறியீடுகளாகத் தாயாரின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள் அமைந்தன. கம்பிகளின் இழுவிசையைக் கூட்டியும் குறைத்தும் சுரத்தை அசைக்கும் அமைப்பு ஒன்று வேண்டும். அது கத்தி முனை ஒன்றின் மேல் தராசுபோல ஆட, கம்பிகளின் இழுப்புக்கு எதிராக மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் இரண்டைப் பொருத்தினர். கத்தி முனையில் உராய்வு மிகக் குறைவு. எனவே ஆட்டி விட்டாலும் கம்பி பழைய சுருதிக்கே திரும்பிவிடும்.

மின்கிட்டாரில் ஒலி பிறக்கும் விதத்தையும் இங்கே சொல்லிவிடலாம். கம்பிகளின் கீழே ‘பிக்அப்’ என்னும் உறுப்பு உண்டு. அது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும் கொண்டது. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. அந்த மின்னோட்டத்தை ஆம்ப்ளிஃபயர் பெருக்குகிறது.

பிரையனின் கிட்டாரில் மூன்று பிக்அப்கள். ஒவ்வொன்றின் மின்னோட்டத் திசையையும் புரட்டிவிடத் தனித்தனிச் சுவிட்சு வைத்தார். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தால், இரண்டிலும் பொதுவாக உள்ள அதிர்வுகள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். எஞ்சியவை மட்டும் கேட்கும். ஒரே கருவியிலிருந்து பல நிற ஒலிகள் கிடைத்தன. ‘குவீன்’ குழுவில் அவர் பல்லாண்டுகள் வாசித்தது இதே கிட்டாரைத்தான். இடையில் நிறுத்திய வானியல் ஆராய்ச்சியையும் அவர் கைவிட்டுவிடவில்லை. சூரிய மண்டலத் தூசியைப் பற்றி ஆராய்ந்து 2007இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றார்.

மூளையில் விரல்களின் இடம்

தடையைக் கடக்கும் வழி தெரிந்துவிட்டால் போதுமா? பயிற்சி வேண்டாமா? ‘பீட்டில்ஸ்’ குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1960இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாசித்தபோது அவருக்கு வயது 17. அங்குள்ள இரவு விடுதிகளில் அக்குழு ஒவ்வோர் இரவும் பல மணி நேரம் வாசிக்க வேண்டியிருந்தது. அவர் வயது குறைந்தவர் என்று தெரிந்ததும் அதிகாரிகள் அவரை நாட்டைவிட்டே அனுப்பிவிட்டனர். அதற்குள் அவர் பெற்றிருந்த பயிற்சியை யாராலும் திருப்பி வாங்க முடியவில்லை.

இத்தகைய பயிற்சி மூளையில் தடம் பதிக்கிறது. உடலின் ஒவ்வொரு பகுதியின் தொடு உணர்வுக்கும் மூளைப் புறணியில் தனி இடம் உண்டு. 1995இல் வெளியான ஓர் ஆய்வில், நரம்பிசைக் கலைஞர்கள் 9 பேரை ஜெர்மனியில் சோதித்தார்கள். அவர்களுள் ஒருவர் கிட்டார் வாசிப்பவர். விரல்களை மெல்லத் தொட்டு, மூளையில் எழும் மிக நுண்ணிய காந்தப்புலத்தை அளந்தனர். கம்பியை அழுத்தும் இடக்கை விரல்களுக்குரிய பகுதி, இசை பயிலாதவர்களைவிடக் கலைஞர்களிடம் விரிந்திருந்தது. வலக்கையில் அத்தகைய வேறுபாடு இல்லை. சிறு வயதில் தொடங்கியவர்களிடம் இவ்விரிவு மிகுதியாகக் காணப்பட்டது.

ஆகவே இளமையில் தொடங்குவது நன்மையே. ஆனால் அதுவே எல்லாம் என்று எண்ணிவிடாதீர்கள். 17 வயதில் விரல் நுனிகளை இழந்த அயோமி, வாசிப்பை ஏறக்குறைய புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. பார்த்த மூவருக்கும் பொதுவானது ஒன்றுதான்: தம்மிடம் இல்லாததை அவர்கள் சரியாகக் கணக்கிட்டார்கள், அதற்கேற்பக் கருவியை மாற்றினார்கள் அல்லது கருவியைத் தொடும் முறையை மாற்றினார்கள்.

செய்து பாருங்கள்

பள்ளிச் சுரமானியில் 3.5 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டுக் கம்பியை மீட்டுங்கள். அதே சுருதியுள்ள கட்டையை ஆர்மோனியத்தில் கண்டுபிடியுங்கள். அதற்கேற்பச் சுரமானியின் குதிரைகளைச் சற்று நகர்த்திக்கொள்ளலாம். பின்பு நீளத்தை மாற்றாமல் எடையை 2.5 கிலோகிராமாகக் குறைத்து மீட்டுங்கள். கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து எண்ணினால், சுருதி ஏறத்தாழ மூன்று கட்டை இறங்கியிருக்கும். அயோமி தம் கிட்டாரில் செய்தது இதுவே. எடைகளின் விகிதத்திற்கு வர்க்கமூலம் எடுத்து, அது ஏன் மூன்று கட்டையாக அமைகிறது என்பதை நீங்களே கணக்கிட்டுச் சரிபாருங்கள்.