வெள்ளி ஊசியும் வெந்நீரும்

சென்ற ஆண்டு சீன தேசஞ் சென்று மீண்ட எம் பழைய மாணவர் ஒருவர் சிறிய தகரப்பேணி ஒன்றை எம்மிடந் தந்து, "சேர், இது மிக உயர்ந்த தேயிலை, ஆறுதலாகப் போட்டுக் குடியுங்கள்" என்று சொல்லிச் சென்றார். மூடியைத் திறந்து பார்த்தோம். உள்ளே கரிய தூளைக் காணோம். ஏறக்குறைய ஓர் அங்குல நீளமும், வெண்பஞ்சு போர்த்தது போன்ற மேனியுங் கொண்ட குருத்துகள், ஒன்றோடொன்று ஒட்டாமல், முறியாமற் கிடந்தன. அவற்றுள் மூன்று கரண்டி எடுத்து, கொதிக்கக் கொதிக்க நீரூற்றி, வழக்கம்போற் பாலுஞ் சீனியுங் கலந்து குடித்தோம். பால் கலந்த வெந்நீர் போல் இருந்தது. "இதைக் கொண்டுவரவா அவ்வளவு தூரம் போனார்?" என்றார் எம் இல்லத்தரசியார். பேணியின் பாதி இவ்வாறே தீர்ந்த பின்னர்தான் பிழை தேயிலையில் இல்லை, எம்மில் என்பது விளங்கிற்று. அதன்பின் நாம் தேடிக் கற்றவற்றுட் சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

பச்சைத் தேயிலை, கறுப்புத் தேயிலை, வெண்தேயிலை என்பன வெவ்வேறு செடிகளில் விளைவனவல்ல. செடி ஒன்றே, பக்குவமே வேறு. நம் மலைநாட்டுத் தொழிற்சாலைகளிற் கொழுந்தை வாட்டி, உருட்டி நசித்து, காற்றுப் பட விட்டு, பின் சூட்டில் உலர்த்துகின்றனர். நசிந்த இலையிலுள்ள நொதியங்கள் காற்றோடு கூடி ஒட்சியேற்றம் நிகழ்த்துவதனாலேயே நமது தேநீருக்குச் செந்நிறமும் உறைப்பும் உண்டாகின்றன. பச்சைத் தேயிலைக்கோ, பறித்தவுடனேயே சூடேற்றி அந்நொதியங்களைச் செயலிழக்கச் செய்துவிடுவர். வெண்தேயிலை செய்வோர் இவ்விரண்டையுஞ் செய்வதில்லை. நசிப்பதுமில்லை, தொடக்கத்திற் சூடு காட்டுவதுமில்லை. பறித்த குருத்தை வாட விட்டு, உலர்த்தி எடுப்பதோடு வேலை முடிகின்றது. ஆகவே, அதில் ஒட்சியேற்றம் அறவே இல்லையென்று சிலர் எழுதுவது பொருந்தாது. வாடும்பொழுது அது மெல்ல, சிறிதளவு நடந்தே தீரும்.

செய்முறை இவ்வளவு சுருக்கமாயின் எவருஞ் செய்யலாமே என்று மாணவர்கள் வினவக்கூடும். அங்கேதான் சங்கடம். உருட்டியும் வறுத்தும் பக்குவஞ் செய்யும்போது கொழுந்தின் குறைகள் பலவற்றை மறைத்துவிடலாம். ஒன்றுஞ் செய்யாத இடத்தில் மறைப்பதற்கு வழியேது?

வெண்தேயிலையின் தாயகம் சீனாவின் தென்கிழக்கேயுள்ள ஃபூஜியன் மாகாணம். அம்மாகாணத்தின் வடகிழக்கு மூலையில், கடலை அடுத்த ஃபூடிங் என்னும் பகுதியும், உள்நாட்டில் மலைகளிடையே அமைந்த ஜெங்ஹே என்னும் பகுதியும் இதற்குப் பெயர் பெற்றவை. ஃபூடிங்கில் உள்ள தைமு மலையின் உச்சியே ஏறக்குறைய 917 மீற்றர்தான். நமது நுவரெலியா நகரின் உயரத்தில் அது பாதியளவே. உயர்ந்த மலையிலேதான் உயர்ந்த தேயிலை விளையும் என்று சிறுவயது முதல் கேட்டுப் பழகிய எமக்கு இது வியப்பாகவே இருந்தது. உயரம் தராததை அங்கே பருவம் தருகின்றது. நம் நாட்டிற் செடி ஆண்டு முழுவதுந் துளிர்க்கும். கிழமைக்கொரு முறையளவிற் கொழுந்தெடுக்கின்றனர். ஃபூஜியனிலோ குளிர்காலம் வந்ததுஞ் செடி உறங்கிவிடும். அம்மாதங்களிற் சேர்த்து வைத்த சத்தையெல்லாம் இளவேனிலின் முதற் குருத்தில் வைத்து அனுப்பும். அக்குருத்து கொழுத்து, அடர்ந்த நுண்மயிர் போர்த்து வரும். அம்மயிரே உலர்ந்தபின் வெள்ளிபோல் ஒளிர்வது. வெண்தேயிலை என்ற பெயருக்குங் காரணம் அதுவே.

அதிலும் எல்லாச் செடியின் குருத்தும் இதற்கு ஏற்றதன்று. ஃபூடிங் பெருவெள்ளை, ஜெங்ஹே பெருவெள்ளை என இரண்டு இனங்கள் சிறப்பாகக் கொள்ளப்படுகின்றன. முன்னையது 1857 அளவில் தைமு மலையிலிருந்து கொணர்ந்து வளர்க்கப்பட்டதென்பர். விதையிட்டால் தாயின் குணம் பிள்ளைக்கு அப்படியே வாய்க்குமென்பது நிச்சயமில்லை; ஆதலாற் பதியம் வைத்தும் தண்டுத் துண்டுகளை நட்டுமே இவற்றைப் பெருக்குகின்றனர்.

உயர்தரமான வெண்தேயிலைக்குச் சீனர் இட்ட பெயர் பைஹாவ் யின்ஜென். வெண்மயிர் வெள்ளி ஊசி என்பது அதன் பொருள். இலையின்றிக் குருத்து மட்டுமே இதற்கு ஆகும். ஏப்பிரல் தொடக்கத்தில் வரும் சிங்மிங் திருநாளையொட்டிய சில நாட்களே இதன் சிறந்த அறுவடைக் காலம். இக்குருத்தைப் பறிப்பதற்குப் பத்து விலக்குகள் சொல்லப்பட்டிருக்கின்றன. மழை நாளிற் பறிக்கலாகாது. பனிநீர் உலருமுன் பறிக்கலாகாது. மெலிந்தது ஆகாது, ஊதா நிறம் பாய்ந்தது ஆகாது. காற்றில் அடிபட்டதும், பூச்சி கடித்ததும், மனிதர் கை நசித்ததும், நோயுற்றதும் ஆகா. வாய் திறந்து விரியத் தொடங்கியதும், உள்ளே பொள்ளலானதும் தள்ளத்தக்கன. பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளை வீட்டாரும் இத்தனை குறை தேடமாட்டார்கள்! இவ்வளவுந் தேர்ந்து பறித்தாலும், நான்கைந்து இறாத்தல் பச்சைக் குருத்து உலர்ந்து ஓர் இறாத்தலாகவே எஞ்சும்.

பறித்தவற்றை மூங்கிற் தட்டுகளில், ஒன்றன்மேல் ஒன்று படாதவாறு மெல்லியதாகப் பரப்புவர். பரப்பிய பின் கையாற் கிளறுவதில்லை. ஃபூடிங்கில் இளவெயிலிற் பெரும்பகுதி உலர விட்டு, எஞ்சிய ஈரத்தை மென்மையான கரிநெருப்பிற் போக்குவது பழைய வழக்கம். ஜெங்ஹேயில் காற்றோட்டமான வீட்டினுள் நிழலில் நெடுநேரம் வாட்டுதல் பெருவழக்கு. ஆகவே அதன் சுவை சற்று அழுத்தமாயிருக்கும். வெயில் கடுமையாயின் குருத்து சிவந்து கெடும். காற்றில் ஈரம் மிகுந்தாற் கறுத்துக் கெடும். பழைய முறையிற் செய்பவன் ஒரு கண்ணைத் தட்டிலும் மறு கண்ணை வானத்திலும் வைத்திருக்க வேண்டியதுதான். வாட்டும் நாட்களில் மழை பிடித்துக்கொண்டால், பத்து விலக்கும் பார்த்துப் பறித்த பாடு வீணாகிவிடும். இக்காலத்திற் சூடேற்றிய அறைகள் வந்து இவ்வச்சத்தைப் பெரிதுங் குறைத்துவிட்டன. ஆனால் வெயிலில் வாடியதன் மணமே வேறு என்று பேசுவோர் அங்கே இன்றும் உளர்.

இனி இதன் வரலாற்றில் மாணவர்கள் மயங்கும் இடம் ஒன்றுண்டு. சோங் மரபின் ஹுய்சோங் என்னும் பேரரசர் 1107 அளவில் தேயிலை குறித்து ஒரு நூலே எழுதினார். அதில் வெண்தேயிலையைத் தனியே வைத்துப் போற்றினார். அவர் குறித்ததோ, மலைச்சாரலில் தற்செயலாய் முளைக்கும், வெளிறிய மெல்லிய இலையுடைய அரிய செடி. நான்கைந்து குடும்பத்தாரிடம் ஒன்றிரண்டாக மாத்திரமே அது இருந்ததாம். அவ்விலையை ஆவியில் அவித்து, அழுத்தி, அடையாக்கிப் பின் பொடித்து நீரிற் கலக்கி அருந்தினர். ஆகவே அஃது இன்றைய வெண்தேயிலையன்று, பெயரே ஒன்று. தேயிலையை இத்துணை நுணுகிப் பார்த்த அம்மன்னர் தம் நாட்டின் வட எல்லையை அவ்வளவு கவனியாது விட்டனர் போலும். 1127இல் ஜூர்ச்சென் இனத்தார் அவரைச் சிறைபிடித்துச் சென்றனர். 1135இல் அங்கேயே அவர் உயிர் நீங்கிற்று. இன்று ஆன்ஜி வெண்தேயிலை என விற்கப்படுவதும் இவ்வாறு வெளிறிய இலைகொண்டு செய்யும் பச்சைத் தேயிலையே என்பதை வாங்குவோர் அறிந்திருத்தல் நன்று.

இன்று நாம் வெண்தேயிலை என்று கூறுவது பிற்காலத்தது. 1796 அளவில் உள்ளூர்ச் செடிகளின் சிறு குருத்துகளால் வெள்ளி ஊசி செய்யத் தொடங்கினர் என்றும், 1885 அளவிற் பெருவெள்ளை இனத்துக்கு மாறினர் என்றும் கூறுவர். ஒரு குருத்தும் இரண்டு இலையுஞ் சேர்ந்த பை மூதான் என்னும் வெண்பியோனி வகை 1922 அளவில் தோன்றியது. முதிர்ந்த இலைகளாலான ஷோமெய் விலை குறைந்தது. ஹொங்கொங் உணவுச்சாலைகளிற் சிற்றுண்டியோடு குடம் குடமாகச் செலவாவது. நெடுங்காலம் இத்தேயிலையை வாங்கியோர் பிற தேசத்தாரே; சீனருள்ளேயே பலர் இதனை அறியார். அந்நிலை இருபத்தோராம் நூற்றாண்டிலேதான் மாறிற்று. 2022இல் யுனெஸ்கோ நிறுவனம் சீனரின் தேயிலைப் பக்குவக் கலைகளை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுட் சேர்த்தபோது ஃபூடிங் முறையும் அதனுள் அடங்கிற்று.

மதிப்பு ஏறிய இடத்தில் மிகையும் ஏறுமன்றோ? தைமு மலையில் வாழ்ந்த பெண்ணொருத்தி, சின்னமுத்து கண்ட குழந்தைகளுக்கு இத்தேயிலையைக் காய்ச்சிக் கொடுத்துக் காப்பாற்றினாள் என்பது அவ்வூர்ப் பழங்கதை. கதையாகக் கேட்க அழகாகவே உளது. அதைப் பற்றிக்கொண்டு, ஓராண்டிற் தேயிலை, மூன்றாண்டில் மருந்து, ஏழாண்டிற் பொக்கிஷம் என்று வணிகர் விளம்பரஞ் செய்கின்றனர். நன்கு காத்த பழைய வெண்தேயிலை நிறம் ஆழ்ந்து, பேரீச்சையை நினைவூட்டும் இனிமை பெறுவது உண்மை. நோய் தீர்க்குமென்பதை நாம் ஏற்பதற்கில்லை. ஆண்டை உயர்த்திச் சொல்லி விற்கும் ஏமாற்றும் உண்டு. மற்றொரு தவறான எண்ணம், நிறம் வெளிறியதாற் கஃபீனுங் குறைவு என்பது. இளங்குருத்திலேதான் கஃபீன் மிகுதியாக உளது. பரீட்சைக்கு இராக்கண் விழிப்போர் இதை நினைவில் வைத்தல் வேண்டும்.

இனிச் சுவைக்கு வருவோம். கொதித்த நீரைச் சற்று ஆறவிட்டு, ஏறக்குறைய 80 பாகை சென்ரிகிறேட் அளவில், கண்ணாடிக் குவளையிலிட்ட குருத்துகளின்மேல் ஊற்ற வேண்டும். முதலில் அவை மிதக்கும். சிறிது பொறுத்தால் ஒவ்வொன்றாய் நீரருந்தித் தலை நிமிர்ந்து, செங்குத்தாய் நின்று கீழிறங்கும். நீரின் நிறம் வைக்கோலை ஊறவைத்தது போன்ற இளமஞ்சள். பாலுஞ் சீனியுஞ் சேர்த்தால் தொலைந்தது! முதல் மிடறு நாவுக்கு ஒன்றுமே சொல்லாது. பின்னர் வெள்ளரிப்பிஞ்சின் குளிர்ச்சியும், நுங்கினுள்ளே ஊறும் நீரின் மென்மையும், எங்கோ ஒரு பூவின் வாசமும் தோன்றும். விழுங்கியபின், நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தாற்போற் தொண்டையில் இனிமை மீளும். சாயமுறைந்த வெறுந்தேநீரைப் பனங்கட்டி கடித்துக் குடித்து வளர்ந்த நாவுக்கு இதனைக் கண்டுபிடிக்கச் சில நாட்கள் பிடிக்கும். எமக்கு ஒரு கிழமை பிடித்தது.

சென்ற விடுமுறையில் அம்மாணவர் மீண்டும் வந்தார். "எப்படி இருந்தது, சேர்?" என்று கேட்டார். முதற் பாதிக்கு நேர்ந்ததை மறையாமற் சொன்னோம். விழுந்து விழுந்து சிரித்தார். எஞ்சிய குருத்துகளை அன்று அவருக்காகவே போட்டோம். மூன்று முறை நீர் மாற்றி ஊற்றியும் சுவை தளரவில்லை. நான்காம் முறை ஊற்றுமுன்னரே எம் இல்லத்தரசியார் தம் குவளையை நீட்டிவிட்டார்.