எல்லவின் ஈரமும் சர்க்கிட் போர்டின் பூச்சும்

கடல்மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்திலுள்ள இலங்கையின் எல்லவில், வடகீழ்ப் பருவமழைக் காலத்து மூடுபனி வாஷிங் மெஷினின் சர்க்கிட் போர்டையும் விட்டுவைப்பதில்லை. தூசியில் ஈரம் சேர்ந்தால் மின்சாரம் கசியும், செம்புத்தடம் பச்சை பூக்கும். அதைத் தடுக்கவே போர்டின்மேல் மெல்லிய பூச்சு. பழுதுபார்க்க அதை அகற்றியவர் திரும்பப் பூசாவிட்டால் வேலை பாதிதான். பூசாமலும் ஓடுகிறதே என்பார்கள். ஓடும், ஈரம் வேலையைக் காட்டும்வரை. பூசினால் அடுத்தமுறை பிரிப்பது சிரமம் என்ற வாதத்தில் மட்டும் ஓரளவு நியாயமுண்டு. சிலிக்கோன் பூச்சு எளிதில் கரையாது, கீறித்தான் உரிக்க வேண்டும். பொலியூரித்தேனைச் சூடான சோல்டரிங் அயர்னால் எரித்தால் நச்சுப்புகை வரும். அக்ரிலிக்கோ தகுந்த கரைப்பானில் இளகிவிடும். ஆகவே ஈயம் வைத்த இடத்தின் ஃபிளக்ஸைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, கனெக்டர்களை மறைத்து, அக்ரிலிக்கையே பூசலாம். ஈரத்தின் மேல் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். திருத்தக் கொடுப்பவர்களே, பூச்சு போட்டாயிற்றா என்று கேட்டு வாங்குங்கள்.