இரண்டு விசில்தான் வைத்தேன்

குக்கரைத் திறக்கிறீர்கள். துவரம்பருப்பு குழைந்து கூழாகிக் கிடக்கிறது. "எத்தனை விசில் வச்சே?" என்று கேட்டால் "ரெண்டுதான்" என்று பதில் வருகிறது. சமைத்துப் பழகியவர் உடனே சண்டைக்குப் போகமாட்டார். பருப்பைப் பார்ப்பார், சொன்னவர் முகத்தைப் பார்ப்பார், மனசுக்குள் ஒரு கணக்குப் போடுவார். பருப்பு முன்பே ஊறியிருக்கலாம். தண்ணீர் கூடிப்போயிருக்கலாம். போனில் பேசிக்கொண்டே விசிலை எண்ணத் தவறியிருக்கலாம். எது என்று தெரியும்வரை அவரால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: சொன்ன பக்குவமும் பாத்திரத்தில் இருப்பதும் ஒட்டவில்லை.

இங்கிலாந்தில் அடிபட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிற பெற்றோரைச் சுற்றி நடக்கும் விசாரணையின் மூளை இந்தக் கணக்குதான். லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் தமிழ்க் குடும்பங்கள் "சோஷியல் சர்வீஸ் வந்தா பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதை யாரும் கேட்டிருக்கலாம். அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பயத்தில் செய்கிற காரியங்கள்தான் பல நேரம் விசாரணையைப் பெரிதாக்குகின்றன.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். பதினொரு மாதப் பையன், சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கும்பகோணத்திலிருந்து பாட்டி ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார். குட்டை மேசையில் டீ. வாசலில் பார்சல்காரர் மணியடிக்க, அம்மா போகிறாள். பாட்டி அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறார். பையன் கோப்பையை இழுக்கிறான். அலறல். பாட்டி ஓடிவந்து பற்பசை தடவுகிறார். ஊரில் அப்படித்தான் வழக்கம். தோல் சிவந்திருக்கிறது, அவ்வளவுதானே என்று விட்டுவிடுகிறார்கள். சாயங்காலம் கொப்புளம் கிளம்புகிறது. கிளம்பும்போது மருமகள் சொல்கிறாள்: "அத்தை, நீங்க வீட்ல இருந்ததையே சொல்ல வேண்டாம். வயசானவங்ககிட்ட பிள்ளையை விட்டுட்டேன்னு எடுத்துப்பாங்க." பாட்டியும், "எனக்கென்னம்மா, நீ எப்படிச் சொல்றியோ அப்படியே" என்கிறார்.

மருத்துவமனையில் அம்மா சொல்வது: நான் மட்டும்தான் இருந்தேன், இப்போதுதான் கொட்டியது. ஒரு மணி நேரம் கழித்து வேலையிலிருந்து ஓடிவரும் அப்பா நர்ஸிடம் சொல்வது: மத்தியானமே நடந்தது, என் அம்மாதான் பேஸ்ட் போட்டுவிட்டார்களாம். நர்ஸ் இரண்டையும் நேரம் போட்டு எழுதிவைக்கிறார். குக்கர் திறந்துவிட்டது.

டாக்டர் முதலில் படிப்பது வாக்குமூலத்தை இல்லை, தோலை. டீயில் தோய்த்த ரஸ்க்கைப் பாருங்கள்: நனைந்த பாதிக்கும் நனையாத பாதிக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல எல்லை இருக்கும். அதே டீ மேசைவிரிப்பில் கவிழ்ந்தால் கறை ஓரிடத்தில் அடர்ந்து, பிறகு சிதறி, ஓடி, மெலிந்து முடியும். குழந்தை தானே கோப்பையை இழுத்துக் கொட்டிக்கொண்டால் முகவாய், கழுத்து, தோள், மார்பு என்று மேலே அகலமாக விழுந்து, கீழே வர வர ஆறிக் குறுகும். ஓரங்கள் ஒழுங்கில்லாமல் இருக்கும். சூடான தண்ணீரில் கையையோ காலையோ யாராவது அமுக்கிப் பிடித்திருந்தால் ரஸ்க்கின் கோடு தெரியும், கையுறை காலுறை போட்டதுபோல. பிஞ்சுத் தோல் மெல்லியது. போட்டுக் கால்மணி நேரமான டீகூட அதைப் பொசுக்கும். நம் கற்பனைப் பையனின் தோல் மேசைவிரிப்புக் கதையையே சொல்கிறது. அம்மாவுக்குச் சாதகமான சாட்சி, அவன் மார்பிலேயே இருக்கிறது.

அடுத்த கேள்வி வயது. இந்தக் காரியத்தை இந்தப் பிள்ளையால் செய்ய முடியுமா? பதினொரு மாதத்தில் பிடித்து நிற்பவனால் முடியும். மூன்று மாதக் குழந்தை "தானே உருண்டு விழுந்துவிட்டது" என்றால் புருவங்கள் உயரும். 1999-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆறு மாதத்துக்கு உட்பட்ட 366 குழந்தைகளில் இரண்டே பேரிடம்தான் கன்றிப்போன தழும்பு இருந்ததாகச் சொன்னது. நடக்கும் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் இருந்தது. தவழக்கூடத் தொடங்காத குழந்தையின் உடம்பில் சின்னத் தழும்பு இருந்தாலும் இங்கிலாந்து மருத்துவர்கள் சும்மா விடாததற்குக் காரணம் அந்த வித்தியாசம்தான்.

தழும்பு என்றதும் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தெற்காசியக் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்பிலும் பின்புறத்திலும் நீலம் பூத்த சாம்பல் நிறத்தில் மச்சம் இருக்கும். வலிக்காது, நாளாக நாளாக மறையும். பழகாத கண்ணுக்கு அது அடித்துக் கன்றியதுபோலவே இருக்கும். கன்றியது ஒன்றிரண்டு வாரத்தில் நிறம் மாறும், மச்சம் அதற்குள் மாறாது. ஆனால் அவசரப் பிரிவில் ஒரு வாரம் காத்திருந்து பார்க்க யாருக்கு நேரம்? குழந்தை பிறந்ததும் இங்கிலாந்தில் கொடுக்கும் சிவப்புப் புத்தகத்தில் அந்த மச்சத்தை அப்போதே எழுதி வாங்கிவைத்தால் நல்லது. நம் கதையில் எழுதவில்லை. பேச்சு மாறியது, ஐந்து மணி நேரத் தாமதம், முதுகில் ஒரு நீலம். மூன்றும் சேர்ந்தன. மருத்துவமனையிலிருந்து உள்ளாட்சி மன்றத்தின் குழந்தைகள் நலப் பிரிவுக்குத் தகவல் போகிறது. ஒரு வேலை நாளுக்குள் அவர்கள் என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டும்.

அடுப்பில் இரண்டு அளவுத் தீ. 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சிம்மில் வைத்த அடுப்பு: இந்தக் குடும்பத்துக்கு உதவி தேவையா என்று, பெற்றோர் சம்மதத்தோடு பார்ப்பது. 47-ஆம் பிரிவு பெரிய தீ. குழந்தைக்குக் கணிசமான தீங்கு நேர்கிறது அல்லது நேரக்கூடும் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் விசாரித்தே ஆகவேண்டும். விசாரிக்கலாமா என்று பெற்றோரிடம் அனுமதி வாங்கவேண்டியதில்லை. "நாற்பத்தேழு" என்ற எண் காதில் விழுந்தாலே குற்றம் சாட்டிவிட்டார்கள் என்று பலர் நொறுங்கிப்போகிறார்கள். அது தீயின் அளவு மட்டும்தான், பண்டம் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

சமூகப் பணியாளர், போலீஸ், மருத்துவத் துறையிலிருந்து ஒருவர் என்று குறைந்தது மூன்று தரப்பு கூடிப் பேசுகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் ஊர்ப் பழமொழி. இந்தக் கூட்டம் அதை நம்பக்கூடாது என்பதற்காகவே ஏற்பட்டது. ஒரு தழும்பு, ஒரு நர்ஸின் குறிப்பு, ஒரு மாறிய வாக்கியம் என்று ஒற்றைப் பருக்கையை நசுக்கிப் பார்த்து முடிவுகட்டாமல், குடும்ப டாக்டர், தடுப்பூசிப் பதிவு, பழைய மருத்துவமனை வருகைகள், மூத்த பிள்ளை இருந்தால் பள்ளிக்கூடம் என்று பானையின் பல இடங்களிலிருந்து எடுத்துப் பார்க்கிறார்கள். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். டீ இருந்த மேசையின் உயரத்தைக்கூடப் பார்ப்பார். பேசத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் தனியாகப் பேசுவார்.

உடல்ரீதியான தீங்கு என்று சந்தேகம் வந்துவிட்டால், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு உடம்பு முழுவதும் எக்ஸ்ரே எடுப்பது வழக்கம். அதோடு முடியாது, 11 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுப்பார்கள். பெற்றோருக்கு இது வன்மமாகத் தோன்றும்: முதல் தடவை ஒன்றும் இல்லையென்றால் ஏன் இன்னொரு முறை? ஊறவைத்த பச்சைப்பயறு முதல் நாள் வெறும் பயறாகத்தான் இருக்கும். துணியில் கட்டிவைத்துப் பிரித்தால்தான் எதில் உயிர் இருந்தது என்று முளை காட்டிக்கொடுக்கும். விலா எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்த அன்று படத்தில் தெரியாமல் போகலாம். எலும்பு ஆறத் தொடங்கி அந்த இடம் தடித்த பிறகு தெரியும். ரத்தம் உறையும் தன்மை, வைட்டமின் டி அளவு ஆகியவற்றையும் பார்ப்பதுண்டு. இவை பெற்றோருக்கு எதிராகத் தேடுவது மட்டும் கிடையாது. எளிதில் கன்றுவதற்கோ எலும்பு முறிவதற்கோ நோய் காரணமா என்று பார்க்கும் வழியும் இதுவே.

இவ்வளவு சந்தேகம் எங்கிருந்து வந்தது? பால் காய்ச்சுபவருக்கு இரண்டு பயம் உண்டு: பொங்கி வழிவது, அடிப்பிடிப்பது. இங்கிலாந்து இரண்டையும் பார்த்துவிட்டது. 1987-ல் கிளீவ்லாந்து வட்டாரத்தில் சில மாதங்களுக்குள் 121 குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக மருத்துவர்கள் முடிவுகட்ட, பலர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பிறகு வீடு திரும்பினார்கள். பெற்றோரையும் கேட்க வேண்டும், நீதிமன்றக் கடிவாளம் வேண்டும் என்று 1989 சட்டம் வலியுறுத்துவதன் பின்னணியில் அந்தப் பொங்கல் இருக்கிறது. பிறகு 2000 பிப்ரவரியில் லண்டனில் எட்டு வயது விக்டோரியா கிளிம்பியே இறந்துபோனாள். உடம்பில் 128 காயங்கள். அதற்கு ஏழு மாதங்களுக்கு முன் தலையில் வெந்நீர்க் காயத்தோடு மருத்துவமனையில் இருந்தாள். சொறி தாங்காமல் அவளே வெந்நீரை ஊற்றிக்கொண்டாள் என்று வளர்த்தவர் சொன்னார். ரெண்டு விசில்தான் என்பதுபோல. பலர் பார்த்தார்கள், எழுதினார்கள்; பக்குவத்தையும் பண்டத்தையும் கடைசிவரை யாரும் ஒட்டிப் பார்க்கவில்லை. அவள் சாவை விசாரித்து 2003-ல் வந்த லேமிங் அறிக்கை அதைப் பக்கம் பக்கமாகச் சொன்னது. இன்று நர்ஸ் கேட்கிற கேள்வியில் எரிச்சல்படுகிறவர்கள் அந்தக் குழந்தையை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். அதேபோல, கேள்வி கேட்கிறவர்கள் கிளீவ்லாந்தை நினைத்துக்கொண்டால் தேவலை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது பற்றி. சமூகப் பணியாளர் தன் சொந்த அதிகாரத்தில் எந்தக் குழந்தையையும் எடுத்துப்போக முடியாது. உடனடி ஆபத்து என்று நினைத்தால் போலீஸ் அதிகபட்சம் 72 மணி நேரம் பாதுகாப்பில் வைக்கலாம். நீதிமன்றத்தின் அவசரப் பாதுகாப்பு உத்தரவு எட்டு நாள் செல்லும், ஒரே ஒருமுறை ஏழு நாள் நீட்டலாம். மூன்றாவது வழிதான் பலர் அறியாமல் நுழைகிற கதவு: 20-ஆம் பிரிவின்கீழ் பெற்றோரே சம்மதித்து வேறிடத்தில் விடுவது. அது சம்மதம்தான், உத்தரவு இல்லை. கையெழுத்துப் போடுமுன் வழக்கறிஞரைக் கேட்கிறேன் என்று சொல்ல உரிமை உண்டு. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. பராமரிப்பு வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் பெற்றோரின் வருமானத்தைப் பார்க்காமலே அரசு சட்ட உதவி கிடைக்கும். அதற்கு முந்தைய கட்டத்தில் ஃபேமிலி ரைட்ஸ் குரூப் என்ற தொண்டு அமைப்பு இலவசமாக ஆலோசனை சொல்கிறது.

நீதிமன்றத்தில் நிரூபிக்கவேண்டிய சுமை உள்ளாட்சி மன்றத்துடையது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் என்ற கிரிமினல் அளவு அங்கே கிடையாது. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றால் போதும். அதனால்தான் சின்னப் பொய்கூட இங்கே கனக்கிறது. சாம்பாரில் பெருங்காயம் போட்டதை மறைத்தால் புளியைப் பற்றிச் சொன்னதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இப்போது நம் பாஷை செய்கிற குறும்பு. "குழந்தைக்கு அடிபட்டுடுச்சு" என்கிறோம். கீழே விழுந்தாலும் அடிதான், கதவு இடித்தாலும் அடிதான். இதைச் சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில் போட்டால் யாரோ அடித்தார்கள் என்றாகிவிடும். பதற்றத்தில் இருக்கும் பாட்டியின் வாயிலிருந்து இந்த வாக்கியம் வந்து, அரைகுறையாக மொழிபெயர்க்கப்பட்டு, காகிதத்தில் ஏறினால் பிறகு இறக்குவது கஷ்டம். புருஷனோ பக்கத்து வீட்டுக்காரரோ மொழிபெயர்ப்பதற்கு ஒத்துக்கொள்ளாமல், தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? "விழுந்தான்", "இழுத்தான்", "கொட்டியது" என்று வினையைத் தெளிவாகச் சொல்வது இன்னும் நல்லது.

நம் கற்பனை வீட்டுக்கு வருவோம். இரவு பதினொரு மணிக்கு வார்டில் உட்கார்ந்து அம்மாவும் அப்பாவும் ஒரு காகிதத்தில் எழுதுகிறார்கள்: மணி எத்தனைக்கு டீ, எப்போது மணியடித்தது, பாட்டி எங்கே, பேஸ்ட் எப்போது, ஏன் உடனே வரவில்லை. யாரும் பார்க்காத அந்த ஐந்து விநாடிக்கு நேராக "பார்க்கவில்லை" என்றே எழுதுகிறார்கள். கண்ணால் பார்க்காததை ஊகித்து நிரப்புவதுதான் நல்லவர்கள் செய்கிற தப்பு. பார்சலுக்குக் கதவு திறந்த நேரம் அம்மாவின் போனிலேயே இருக்கிறது. காலையில் சமூகப் பணியாளரிடம் அம்மா தானாகவே சொல்கிறாள்: நேற்று நான் சொன்னதில் இரண்டு விஷயம் தவறு, பயத்தில் சொன்னேன். அந்த அம்மையார் தலையாட்டி எழுதிக்கொள்கிறார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் முகத்தை அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள். பழகிவிட்டால் அது பயமுறுத்தாது.

தீக்காயத்தைப் பற்றிக் கறாராக ஒரு பாடமும் நடக்கிறது: இருபது நிமிடம் ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீர், பற்பசை கூடாது, தோசைமாவு கூடாது, வெண்ணெய் கூடாது. பாட்டி மௌனமாகக் கேட்டுக்கொள்கிறார்.

முதுகிலிருப்பது மச்சம் என்று அனுபவமுள்ள குழந்தை மருத்துவர் முடிவு சொல்கிறார். எக்ஸ்ரே இரண்டு முறையும் சுத்தம். சந்தேகம் உறுதிப்பட்டிருந்தால், மூன்று தரப்பும் கூடிப் பேசிய நாளிலிருந்து 15 வேலை நாளுக்குள் குழந்தைப் பாதுகாப்பு மாநாடு கூட்டியிருக்க வேண்டும். அதற்கு அவசியம் இல்லை என்று ஆகிவிடுகிறது. மதிப்பீட்டுக்குச் சட்ட வழிகாட்டுதல் தரும் அவகாசம் 45 வேலை நாள். முப்பதாம் நாள்வாக்கில் கடிதம் வருகிறது.

"என்னம்மா போட்டிருக்கு?"

"மேல நடவடிக்கை இல்லைன்னு போட்டிருக்கு, அத்தை. முடிஞ்சுது."

பாட்டி ரெண்டு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. "நான் எங்க இருந்தேன்னு எழுதியிருக்காங்களா?"

"எழுதியிருக்காங்க. அடுப்படில, தோசை வார்த்துக்கிட்டு."

"சரி. அதை அந்தச் செவப்புப் புத்தகத்துக்குள்ளயே வச்சுரு."