செய்தி வரிசை



கணிப்பொறி ஒன்றினுள் ஒரே சமயத்தில் பல நிரல்கள் இயங்குகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். அவை தமக்குள் எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? ஒரு நிரலுக்கு உரிய நினைவகப் பகுதியை மற்றொன்று தொட இயலாதவாறு இயங்குதளம் இடையே சுவர் எழுப்பி வைத்திருக்கிறது. ஒன்றன் பிழை மற்றொன்றைக் கெடுக்கலாகாது என்பதற்காக எழுந்த சுவர் அது. சுவரும் வேண்டும், பேச்சும் வேண்டும். இவ்விரண்டையும் இணைக்கப் பிறந்த வழிகளுள் ஒன்றே செய்தி வரிசை. அதனின்று செய்தியைப் பெறும் முறையைப் பற்றியே இன்று கூற விழைகின்றேன்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். 1983இல் வெளிவந்த அதன் 'சிஸ்டம் ஃபைவ்' பதிப்பின் வாயிலாகச் செய்தி வரிசை பரவலாயிற்று. இன்றைய லினக்ஸிலும் அது உண்டு.

தொலைபேசியில் பேச வேண்டுமாயின் இரு தரப்பாரும் ஒரே நேரத்தில் இருத்தல் வேண்டும். கடிதத்திற்கு அத்தேவை இல்லை. செய்தி வரிசை கடிதத்தைப் போன்றது. அனுப்பிய நிரல் தன் பணியை முடித்து மறைந்த பின்னரும் செய்தி வரிசையிலேயே இருக்கும். எவரேனும் அதனைப் பெறும் வரையிலும், அல்லது வரிசை நீக்கப்படும் வரையிலும், அல்லது பொறி நிறுத்தப்படும் வரையிலும் காத்திருக்கும்.

ஒவ்வொரு செய்தியின் முகப்பிலும் அதன் வகையைக் காட்டும் ஓர் எண் உண்டு. அது சுழியைவிடப் பெரியதாக இருத்தல் வேண்டும். பெறும் நிரல் வகை எண்ணைச் சுழி எனக் கூறினால், எவ்வகையாயினும் வரிசையின் முதற் செய்தி கிடைக்கும். 5 என்று கூறினால், ஐந்தாம் வகைச் செய்திகளுள் முதலாவது கிடைக்கும். கழித்தல் 5 என்று கூறினாலோ, ஐந்துக்கு மேற்படாத வகைகளுள் மிகச் சிறிய எண்ணுடைய செய்தி முதலில் வரும். ஆகவே அவசரச் செய்திகளுக்குச் சிறிய எண்ணைக் கொடுத்துவிட்டால் அவை முந்திக்கொள்ளும். பல நிரல்கள் ஒரே வரிசையைப் பகிர்ந்துகொள்ளும்போது, ஒவ்வொன்றும் தன் அடையாள எண்ணையே வகை எண்ணாகக் கொண்டு தனக்குரிய மறுமொழியை மட்டும் எடுத்துக்கொள்வதும் வழக்கம்.

வரிசை வெறுமையாக இருந்தால் என்ன நேரும்? கேட்ட நிரலை இயங்குதளம் உறங்க வைத்துவிடும். செய்தி வந்ததும் எழுப்பும். 'வந்ததா, வந்ததா' என்று ஓயாது கேட்டுக்கொண்டிருந்தால் செயலியின் நேரம் வீணாகும். உறக்கத்தில் அவ்வீண்செலவு இல்லை. காத்திருக்க விரும்பாத நிரல் அதனை முன்கூட்டியே தெரிவிக்கலாம். அப்போது 'செய்தி இல்லை' என்னும் விடை உடனே கிடைக்கும்.

பெறும் நிரல் ஒதுக்கிய இடத்தைவிடச் செய்தி பெரியதாயின், இயங்குதளம் பிழை என்று அறிவித்துச் செய்தியை வரிசையிலேயே விட்டுவைக்கும். 'வெட்டியேனும் கொடு' என்று நிரல் கேட்டிருந்தால் இடத்திற்கு அளவான பகுதி மட்டும் கிடைக்கும், எஞ்சியது அழிந்துபோகும்.

இன்னுமோர் இடர் உண்டு. அதில் நானே வீழ்ந்திருக்கின்றேன். நிரல் எழுதக் கற்ற நாட்களில் ஒரு பண்டகசாலைக்குச் சரக்குக் கணக்கு நிரல் ஒன்று எழுதிக் கொடுத்தேன். வரிசையில் வரும் ஒவ்வோர் ஆணையையும் பெற்று, அதற்கேற்ப இருப்பைக் கழிப்பது அதன் பணி. இருப்புப் பட்டியல் வேண்டுவோர் ஒரு பொத்தானை அழுத்தினால் நிரலுக்கு ஒரு சைகை செல்லும். சில வாரங்களில் புகார் வந்தது. கிடங்கில் அரிசி மூட்டை இருக்கிறது, கணக்கில் இல்லை. கணக்கை நம்பி, வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள்.

காரணத்தைத் தேடிக் கண்டபோது நாணினேன். உறங்கும் நிரலைச் சைகை எழுப்பும்போது, பெறும் அழைப்பு செய்தியின்றியே திரும்புகிறது. 'இடையில் எழுப்பப்பட்டேன்' என்பதற்கு அடையாளமாகக் கழித்தல் 1 என்னும் விடையைத் தருகிறது. நான் அவ்விடையைப் பார்க்கவே இல்லை. ஒதுக்கிய இடத்தில் முந்தைய ஆணை அப்படியே கிடந்தது. அதனையே புதிய ஆணை என்று கொண்டு நிரல் மீண்டும் கழித்துவிட்டது. இருப்பு எவ்வளவு என்று கேட்ட கேள்வியே இருப்பைக் குறைத்துவிட்டது! விடையைச் சோதிக்கும் ஒரு வரியைச் சேர்த்ததும் பிழை நீங்கிற்று.

இறுதியாக ஒன்று. இவ்வரிசையில் பெறுதல் என்பது எடுத்துவிடுதலே ஆகும். எடுத்த நிரல் வேலையை முடிக்குமுன் மடிந்தால் அச்செய்தியும் அதனோடு போய்விடும். இக்குறையைக் களைய, 2007இல் வெளிவந்த ராபிட்எம்கியூ போன்ற பிற்கால அமைப்புகளில் 'வேலை முடிந்தது' என்னும் ஒப்புகை வரும்வரை செய்தியை வைத்திருக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் வேலையை முடித்த நிரல் ஒப்புகை அனுப்புமுன் மடிந்தால், அதே செய்தி மீண்டும் வழங்கப்படும். ஆதலின் ஒவ்வோர் ஆணைக்கும் தனி எண் கொடுத்து, 'இதனை முன்னரே செய்துவிட்டோமா?' என்று பார்த்தல் வேண்டும்.

நிரல் எழுதப் புகும் நண்பர்களே, செய்தியைப் படிக்கும் முன் அது மெய்யாகவே வந்ததா என்று கேளுங்கள். நான் கேளாததன் பயனை அன்று வெறுங்கையோடு திரும்பிய ஒருவர் அனுபவித்தார்.