வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும் ‘ஸ்வர்ணா சப்-1’ நெல்: செயல்படுவது எப்படி?

நெற்பயிர் முழுவதுமாக நீரில் மூழ்கும்போது, சாதாரண ரகங்கள் காற்றையும் ஒளியையும் எட்டுவதற்காக வேகமாக நீள்கின்றன. சேமித்த மாவுச்சத்து அதிலேயே தீர்ந்துவிடுவதால், ஒரு வாரத்துக்கு மேல் நீர் வடியாவிட்டால் பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன.

ஒடிசாவின் பாரம்பரிய ரகத்திலிருந்து பெறப்பட்ட ‘எஃப்.ஆர்.13ஏ’ இதற்கு நேர்மாறானது. அதிலுள்ள ‘சப்1ஏ’ மரபணு, மூழ்கிய நிலையில் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தி ஆற்றலைச் சேமிக்கிறது. நீர் வடிந்ததும் பயிர் மீண்டும் துளிர்க்கிறது.

பிலிப்பின்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள், இந்த மரபணுவைக் கிழக்கு இந்தியாவில் பரவலாகப் பயிரிடப்படும் ‘ஸ்வர்ணா’ ரகத்தில் கலப்பு முறையில் சேர்த்தனர். இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல.

இந்தியாவில் 2009-இல் வெளியிடப்பட்ட ‘ஸ்வர்ணா சப்-1’, சுமார் இரு வாரங்கள் மூழ்கியிருந்தாலும் பிழைக்கக்கூடியது. அதற்கு மேல் வெள்ளம் நீடித்தால் இதுவும் தப்புவது கடினம். எனினும், மறுநடவுக்கு நாற்றோ பணமோ இல்லாத சிறு விவசாயிகளுக்கு அந்தக் கூடுதல் ஒரு வாரமே அவ்வாண்டின் விளைச்சலைத் தீர்மானிக்கிறது.